விளக்கு எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. கந்தர்வக்கோட்டையில் நின்று பார்த்தால் கடல் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில், செம்மண்ணும் முந்திரியும் கடலைக்காடுமாகக் கிடக்கிற ஊர் இது. புயல் என்றால் கடற்கரைக்காரர்கள் பாடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். விடிந்தபோது தென்னையும் பலாவும் வேரோடு கிடந்தன, மின்கம்பங்கள் வயலுக்குள் படுத்திருந்தன. பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்ததாக அரசுக் கணக்கு சொன்னது. உட்கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது.

அந்த இருட்டில் எங்கள் தெருவில் கைவசம் இருந்த மின்சாரம் மோட்டார் சைக்கிள்களில்தான் இருந்தது. என் சித்தப்பா தன் வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பேட்டரியை உருவி, திண்ணைக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு எல்.இ.டி. பட்டையை மாட்டினார். கார் சார்ஜர் ஒன்றைக் கோத்து நாலைந்து வீட்டு போன்களுக்கு வரிசை போட்டார். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு ‘உயிரோடு இருக்கோம்’ என்று சொல்ல வேண்டியிருந்ததே.

இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. அந்த பேட்டரி 12 வோல்ட், 5 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 60 வாட்-மணி. 3,000 மில்லி ஆம்பியர்-மணி போன் ஒன்று முழுதாக ஏற ஏறக்குறைய 11 வாட்-மணி வேண்டும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் 15 வரை போகும். ஆக, நாலு போன் ஏறினால் பேட்டரி அடிமட்டம். சித்தப்பா அதைவிடக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டார் என்று இப்போது ஊகிக்கிறேன், ஏனென்றால் பேட்டரி பிழைத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் இரவு, டார்ச் வெளிச்சத்தில், பேட்டரியைத் திரும்ப வண்டியில் மாட்டினார். சாவியைத் திருப்பினால் நியூட்ரல் விளக்கு பளிச்சென்றது. ஹாரன் அடித்தது. ஹெட்லைட் எரிந்தது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் மட்டும் ‘டக டக டக’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சின் சுற்றவில்லை. அது கிக்கர் இல்லாத 150 சிசி வண்டி. இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளினோம், உடனே பிடித்துக்கொண்டது. தஞ்சாவூர் வரை ஓட்டிப்போய் மருந்து வாங்கிவந்தார். இவ்வளவு தூரம் ஓடியும் பேட்டரி ஏறியிருக்காதா என்று வந்ததும் பட்டனை அழுத்தினார். மறுபடி ‘டக டக டக.’

“பேட்டரி போச்சு. போன் சார்ஜ் போட்டுப் போட்டு நீங்களே கொன்னுட்டீங்க” என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தெருவின் தீர்ப்பு தப்பு. அது ஏன் தப்பு என்பதற்குள் மின்சாரத்தைப் பற்றிய ஒரு முக்கியமான பாடமே ஒளிந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை பேட்டரிக்குள் இல்லை, அதன் தலையில் உள்ள இரண்டு போல்ட்டுகளைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கின்றன. கழற்றுவதற்கு முன் நன்றாக இருந்த வண்டி, மாட்டிய பின் கெட்டிருந்தால், நம் கை பட்ட இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மறுநாள் கடைத்தெருவில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். கூரைத் தகரம் பறந்துபோய், தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். சித்தப்பா எடுத்த எடுப்பில் “புது பேட்டரி போடணும் தம்பி” என்றார்.

“இருங்கண்ணே, தள்ளுனா ஸ்டார்ட் ஆவுதுல்ல?”

“ஆவுது.”

“அப்பக் கொஞ்சம் பொறுங்க.”

இந்தக் கேள்வியின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை. அவர் மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தார். 12.5 காட்டியது. நன்றாகச் சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12-க்கு இறங்கிவிட்டால் உள்ளே சரக்கு கிட்டத்தட்டத் தீர்ந்தது என்று பொருள். 12.5 மோசமில்லை. ஆனாலும் அவர் அதோடு விடவில்லை.

ஓய்வில் இருக்கும் பேட்டரியின் வோல்ட், உட்கார்ந்திருக்கும் ஆளின் முகத்தைப் பார்ப்பது மாதிரி. மூட்டையைத் தூக்க வைத்தால்தான் பலம் தெரியும். மீட்டர் தன் வழியாக ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. அறுந்துபோய் ஒரே ஒரு மயிரிழை மட்டும் மிச்சமிருக்கிற ஒயரின் முனையிலும் அது 12.5 காட்டும். அந்த ஒயரால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்ற முடியாது. வோல்ட் இருப்பது ஒன்று, சுமை ஏறும்போதும் அந்த வோல்ட் நிற்பது வேறொன்று.

எண்களாகப் பார்த்தால் இது தெளிவாகும். 35 வாட் ஹெட்லைட் எடுப்பது சுமார் 3 ஆம்பியர். ஸ்டார்ட்டர் மோட்டார், நின்ற நிலையிலிருந்து எஞ்சினைப் புரட்டும் அந்த முதல் கணத்தில், 50 ஆம்பியரும் அதற்கு மேலும் எடுக்கும். பேட்டரி முனைக்கும் ஒயர் வளையத்துக்கும் நடுவில் வெறும் 0.05 ஓம் தடை வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஓமின் விதிப்படி, ஹெட்லைட்டுக்குப் போகும் வழியில் அந்த இடத்தில் தொலைவது 3 × 0.05 = 0.15 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. அதே இடத்தில் செல்ஃபுக்குத் தொலைவது 50 × 0.05 = 2.5 வோல்ட். சுமையால் பேட்டரியே 11-க்குப் பக்கமாக இறங்கியிருக்கும் நேரத்தில் இன்னொரு 2.5 போனால் மோட்டாருக்கு எட்டரைதான் மிச்சம். அதுவும் ஒயர், ரிலே எல்லாம் தாண்டிப் போய்ச் சேர வேண்டும்.

தொலைந்த மின்சாரம் எங்கே போகிறது? சூடாகிறது. 50 ஆம்பியரின் வர்க்கத்தை 0.05-ஆல் பெருக்கினால் 125 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் பார்க்கிற 25 வாட் சால்டரிங் அயர்ன்கள் ஐந்தை ஒரே போல்ட் தலையில் வைத்தது போல. அதனால்தான் அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் செல்ஃபை நாலைந்து தடவை அழுத்திவிட்டு, சாவியை அணைத்து, டெர்மினலைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் விஷயம் அங்கே. அடிக்கடி அழுத்தியிருந்தால் விரல் சுடவும் கூடும், பட்டும் படாமலும் தொட வேண்டும்.

0.05 ஓம் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் சுவையான சங்கதி. வழவழப்பாகத் தெரிகிற இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், அவை முழுப் பரப்பிலும் தொட்டுக்கொள்வதில்லை. நுண்ணோக்கியின் கீழ் இரண்டும் மேடுபள்ளம். மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். மின்னோட்டம் முழுவதும் அந்தப் பொட்டுப் பொட்டான இடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. ராக்னர் ஹோம் என்ற ஸ்வீடன் இயற்பியலாளர் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தப் பொட்டுகளை ஆராய்வதிலேயே கழித்தார். போல்ட்டை இறுக்கும்போது மேடுகள் நசுங்கி, தொடும் இடம் பெருகுகிறது, தடை குறைகிறது. இறுக்கம் குறைந்தால், அல்லது நடுவில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தால், வழி அடைபடுகிறது. அந்தப் பூப்பு காரீயமும் செம்பும் அமில ஆவியோடு சேர்ந்து உண்டானது. வெந்நீரில் ஆப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும். பிறகு உப்புத்தாளால் தேய்த்து, காயவைத்து, மாட்டியபின் மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் போதும்.

எங்கள் வண்டியில் பூப்பு எதுவும் இல்லை. டெர்மினல் பளபளவென்று இருந்தது. மெக்கானிக் ஸ்பேனர் போட்டுப் பார்த்தார். போல்ட் கல் மாதிரி இறுகியிருந்தது. “நான்தான் டைட்டா முடுக்கினேனே” என்றார் சித்தப்பா.

மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் தன் டெஸ்ட் லேம்பை எடுத்தார். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு ஒயர். ஒரு ஒயரின் நுனியை பேட்டரியின் காரீய முனையில் அழுத்தினார். மற்றதை, அதே முனையில் மாட்டியிருந்த ஒயரின் வளையத்தில் அழுத்தினார். இரண்டு நுனிக்கும் நடுவே அரை அங்குலம்கூட இல்லை. ஒரே போல்ட்டின் இரண்டு பக்கம். அங்கே பல்பு எரிய நியாயமே இல்லை.

“இப்ப செல்ஃப அமுக்குங்கண்ணே.”

‘டக டக டக.’ தார்ப்பாயின் நிழலில், பல்புக்குள் இழை செம்மண் நிறத்தில் மங்கி மங்கி மினுக்கியது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எஞ்சினுக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்த அரை அங்குலத்தைத் தாண்ட முடியாமல், சுற்றிக்கொண்டு பல்பு வழியாகப் போகப் பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத தடை கண்ணெதிரே எரிகிறது. பள்ளிக்கூடத்தில் ஓமின் விதியை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மீட்டரிலும் இதைச் செய்யலாம். டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைக் காரீயத்திலும் கறுப்பு முனையை ஒயர் வளையத்திலும் வைத்து, செல்ஃபை அழுத்த வேண்டும். 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் இணைப்பு நல்லது. எர்த் ஒயர் சட்டகத்தில் சேரும் இடத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். பலர் பாசிட்டிவ் பக்கத்தையே நோண்டிக்கொண்டிருப்பார்கள். போன மின்சாரம் திரும்பி வந்தால்தான் சுற்று முடியும், பாதையில் பாதி நெகட்டிவ் பக்கம்.

அந்த ‘டக டக’ சத்தத்துக்கும் காரணம் இதுதான். செல்ஃப் பட்டன் நேரடியாக மோட்டாரை இயக்குவதில்லை. அது ரிலேவில் உள்ள கம்பிச்சுருளுக்கு மின்சாரம் விடுகிறது. சுருள் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கிறது. தகடு ஒட்டியதும் மோட்டாருக்கு வழி திறக்கிறது. மோட்டார் 50 ஆம்பியரை இழுத்ததும் கெட்ட இணைப்பில் வோல்ட் சரிகிறது. சுருளுக்கும் அதே இணைப்பு வழியாகத்தான் வரவேண்டும், அதனால் காந்தம் வலுவிழந்து தகட்டை விட்டுவிடுகிறது. விட்டதும் சுமை போகிறது, வோல்ட் ஏறுகிறது, காந்தம் மறுபடி இழுக்கிறது. நொடிக்குப் பல தடவை இப்படியே. பேட்டரி இறங்கிப் போயிருந்தாலும் இதே சத்தம் வரும் என்பதால் தெரு ஏமாந்ததில் வியப்பில்லை.

பட்டனை அழுத்தும்போது ஹெட்லைட்டைக் கவனியுங்கள். சேர்ந்து மங்கினால் கோளாறு பேட்டரியிலோ அதன் டெர்மினலிலோ இருக்கிறது, ஏனென்றால் விளக்குக்கும் செல்ஃபுக்கும் பொதுவான இடம் அது. விளக்கு அசையாமல் எரிந்து, செல்ஃப் மட்டும் பேசாமல் இருந்தால், ரிலேவுக்கு அப்பால், மோட்டார் பக்கம் தேட வேண்டும். அல்லது கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச். எதுவுமே எரியவில்லை, சாவி திருப்பினால் செத்த வண்டி மாதிரி கிடக்கிறது என்றால், பெரும்பாலும் ஒரு மெல்லிய ஒயரை மறந்திருப்பீர்கள். பல வண்டிகளில் பாசிட்டிவ் முனைக்கு இரண்டு ஒயர் வரும், தடித்தது ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு, மெல்லியது ஃப்யூஸ் வழியாக மற்ற எல்லாவற்றுக்கும். மெல்லியது சீட்டுக்கு அடியில் சுருண்டு ஒளிந்துகொள்ளும்.

மெல்லிய ஒயரும் மாட்டியிருக்கிறது, ஆனாலும் எதுவும் எரியவில்லை என்றால் ஃப்யூஸ். பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்களா என்ற கேள்வியும் கூடவே வரும். இருட்டில் சிவப்பும் கறுப்பும் ஒரே நிறம்தான். தலைகீழாக மாட்டினால் முதலில் அடிவாங்குவது ரெக்டிஃபயர். மேக்னெட் காயிலில் வரும் மாறுமின்னோட்டத்தை ஒரே திசையாக்கி பேட்டரிக்கு அனுப்புகிற வேலை அதனுடையது. அதற்குள் இருக்கும் டயோடுகள் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுகள். பேட்டரி சரியாக இருக்கும்வரை அந்தக் கதவுகள் பேட்டரிக்கு எதிரே மூடியே இருக்கும். தலைகீழாக்கினால் எல்லாம் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும், அதாவது நேரடி ஷார்ட். பெரும்பாலான வண்டிகளில் மெயின் ஃப்யூஸ் குறுக்கே இருப்பதால் கண் சிமிட்டும் நேரத்தில் உருகி மற்றதைக் காப்பாற்றிவிடும். சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. போனதற்கு அதே நிறத்தைத்தான் போட வேண்டும்.

இங்கே ஒன்றை மனசு நொந்து சொல்கிறேன். நம் ஊர்ப் பக்கம் ஃப்யூஸ் போனால் செம்பு ஒயரின் இரண்டு இழையைச் சுற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் அதிகம். புயலுக்குப் பிந்தைய வாரத்தில் கடை எதுவும் திறக்காதபோது அதைக் குறை சொல்லவும் மனம் வராது. ஆனால் அந்தச் செம்பு இழை எத்தனை ஆம்பியரில் உருகும் என்று சுற்றியவருக்கும் தெரியாது. ஃப்யூஸ் உருகாதபோது ஒயரிங் உருகும், அது போவது பெட்ரோல் டேங்குக்கு அடியில். இரண்டு ஃப்யூஸ் வாங்கிச் சீட்டுக்கு அடியில் போட்டுவைப்பதற்கு ஒரு தேநீர்க் காசுதான் ஆகும்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில் என்பதற்கும் காரணம் எளியது. வண்டியின் சட்டகம் முழுவதும் நெகட்டிவ்வோடு சேர்ந்தது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் போல்ட்டைத் திருகினால், ஸ்பேனரின் வால் சட்டகத்தைத் தொட்டதும் பேட்டரியின் முழு பலமும் ஸ்பேனர் வழியாகப் பாயும். நெகட்டிவ்வை முதலில் எடுத்துவிட்டால் சட்டகம் வெறும் இரும்பு. டெர்மினல்களை ஒயரால் உரசி ‘பொறி பறக்குதா’ என்று பார்க்கும் பழக்கமும் வேண்டாம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியக்கூடும்.

புயலில் பல வண்டிகள் கீழே விழுந்து இரவெல்லாம் படுத்துக் கிடந்தன. பழைய, தண்ணீர் ஊற்றும் பேட்டரிகளில் அமிலம் வழிந்திருக்கும். சீல் வைத்தவற்றில் அமிலம் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறி நிற்பதால் தப்பித்திருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.-6 வண்டிகளுக்கு வேறு சங்கடம். பெட்ரோல் பம்பும் கணினியும் மின்சாரத்தால் ஓடுகின்றன, பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் தள்ளினாலும் பிடிக்காது. சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று நொடி ‘ஸ்ஸ்’ என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். பேட்டரியைத் திரும்ப மாட்டியபின் கடிகாரம் மாறியிருப்பதும், ஏ.பி.எஸ். விளக்கு வண்டி கொஞ்சம் நகரும்வரை எரிவதும், ஐட்லிங் முதலில் ஏறி இறங்குவதும் கோளாறு இல்லை. சாய்ந்து கிடந்த வண்டியைத் தூக்கியதும் எடுக்கவில்லை என்றால், சாவியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சாய்வை உணரும் சென்சார் எஞ்சினை நிறுத்தி வைத்திருக்கும்.

உண்மையிலேயே பேட்டரி செத்துப்போவதும் உண்டு. 1859-இல் பிரான்ஸின் காஸ்டன் பிளாந்தே செய்த காரீய-அமில பேட்டரிதான் இன்றும் நம் சீட்டுக்கு அடியில் இருப்பது. ஆறு அறைகள், அறைக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். மின்சாரம் கொடுக்கக் கொடுக்க இரண்டு தகடுகளும் காரீய சல்பேட்டாக மாறும். உடனே சார்ஜ் ஏற்றினால் சல்பேட் கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். நாள்கணக்கில் அப்படியே போட்டுவிட்டால் பொடியாக இருந்தது பெரிய படிகமாக இறுகிவிடும், பிறகு கரையாது. நாலு போன் ஏற்றியதால் பேட்டரி சாகாது, ஏற்றிவிட்டு ஒரு வாரம் மூலையில் வைத்தால் சாகும். செல்ஃப் அழுத்தும்போது காரீய முனைகளிலேயே அளந்தால் வோல்ட் ஒன்பதுக்குக் கீழே விழுகிறதென்றால் அதுதான் நிலைமை.

இதையெல்லாம் ஆராய்வதற்கென்றே நம் பக்கத்தில் ஒரு நிறுவனம் இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு. புதுக்கோட்டையைத் தாண்டினால் காரைக்குடி. அங்கே வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாம் சிக்ரி என்று சொல்வது, 1953 ஜனவரி 14 பொங்கலன்று திறக்கப்பட்டது. துருப்பிடித்தலும் பேட்டரியும் அங்கே தலைமுறை தலைமுறையாக ஆராயப்படுகின்றன. இந்த வறண்ட பூமியில் மின்வேதியியல் வேரூன்றியதை இப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

தார்ப்பாயின் அடியில் மெக்கானிக் போல்ட்டைக் கழற்றினார். அது நீளமாக இருந்தது, பேட்டரியோடு வந்த போல்ட்டைப் போல ஒன்றரை மடங்கு. டெர்மினலின் குழிக்குள் ஒரு சதுர நட்டு உட்கார்ந்திருக்கும். மேலிருந்து வரும் போல்ட் அதில் ஏறி, வளையத்தை அழுத்தி நிற்க வேண்டும். இந்த நீள போல்ட் நட்டைத் தாண்டிக் குழியின் அடித்தட்டில் போய் முட்டி நின்றுவிட்டது. ஸ்பேனருக்கு அது இறுக்கம். வளையமோ தலைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. விரலால் ஒயரைத் திருகியதும் வளையம் சுழன்றது.

“போல்ட்டு டைட்டுண்ணே, ஒயரு லூசு” என்றார்.

டப்பாவைக் கவிழ்த்து, பொருத்தமான போல்ட் ஒன்றைத் தேடினார். நட்டு குழிக்குள் இறங்கிவிடாமலிருக்க அதற்கடியில் சைக்கிள் டியூபின் ஒரு துண்டைச் சொருகினார். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முடுக்கி, இந்த முறை ஸ்பேனரை நம்பாமல் ஒயரையே பிடித்து ஆட்டிப் பார்த்தார். டெஸ்ட் லேம்பை மறுபடி அதே அரை அங்குலத்தில் வைத்தார். பட்டனை அழுத்தியதும் எஞ்சின் ஒரே புரட்டில் பிடித்தது, பல்பு கருப்பாகவே இருந்தது. த்ராட்டிலைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்து பேட்டரியில் மீட்டர் வைத்தார், 14.1. பதின்மூன்றரைக்கும் பதினாலரைக்கும் நடுவே இருந்தால் சார்ஜிங் சரி. ஆடுகிற வளையத்தோடு தஞ்சாவூர் வரை போய்வந்ததில் ரெக்டிஃபயர் தப்பியது அதிர்ஷ்டம்தான். ஓடும்போது பேட்டரி இணைப்பு விட்டு விட்டுச் சேர்ந்தால், பேட்டரி உள்வாங்க வேண்டிய வோல்ட் எகிறிக் குதிக்கும். பல்புகளையும் கணினியையும் அது பொசுக்கிவிடும்.

“இந்த போல்ட்ட எங்கேருந்துண்ணே புடிச்சீங்க?”

பழையது இருட்டில் திண்ணைச் சந்தில் விழுந்து காணாமல் போய்விட்டது என்றும், கையில் கிடைத்ததை மாட்டினேன் என்றும் சித்தப்பா சொன்னார். புயல் பிய்த்துப்போட்ட மாட்டுக் கொட்டகைக் கதவின் கீல் போல்ட் அது. கையை நீட்டி அதைத் திரும்ப வாங்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துண்டில் துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“கதவ மாட்டணும்ல” என்றார்.